முள்ளெலிக்கு ஒரு போர்வை



மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த பேகனை நாம் அறிவோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், பழனிமலை சூழ்ந்த நாட்டை ஆண்டவன். மயில் அப்போர்வையை எடுத்து உடுத்துமோ, போர்த்துமோ என்று அவன் ஆராயவில்லை. உள்ளத்தில் சுரந்த அருள் ஒன்றே அவனைக் கொடுக்கச் செய்தது. அதனால் அவன் புகழ் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

அத்தகைய அருளோடு அறிவும் சேருமாயின், குளிரில் வாடும் ஓர் உயிரை உண்மையாகவே காப்பாற்ற முடியும். அறிவு சேராத அருளோ சில வேளைகளில் அவ்வுயிருக்கே தீங்காய் முடிவதுண்டு. இதனை விளக்கும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இங்கிலாந்து நாட்டில் உள்ளது. அங்குக் குளிர்காலத் தொடக்கத்தில், உடல் மெலிந்து தோட்டங்களில் தடுமாறித் திரியும் முள்ளெலிகளை மக்கள் எவ்வாறு பேணிக் காக்கின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முள்ளெலி என்பது யாது?

முள்ளெலியை முள்ளம்பன்றி என்று எண்ணி மயங்குவோர் பலர். நம் நாட்டில் ‘லண்டாக்’ என மலாய் மொழியில் வழங்கும் முள்ளம்பன்றி உருவத்திற் பெரியது; நீண்ட முட்களை உடையது; அணில், எலி முதலியவற்றைப் போன்று கொறித்து உண்ணும் இனத்தைச் சேர்ந்தது. முள்ளெலியோ இரு கைகளில் அடங்கும் சிறு விலங்கு. அது கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்ததன்று. வண்டு, கம்பளிப்புழு, மண்புழு ஆகியவையே அதன் முதன்மை உணவாகும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயருக்கு ‘வேலிப்பன்றி’ என்பது பொருள். வேலியோரப் புதர்களில் பன்றியைப் போல உறுமிக்கொண்டு இரை தேடுவதால் அப்பெயர் பெற்றது.

வளர்ந்த முள்ளெலியின் முதுகில் ஏறத்தாழ 5,000 முதல் 7,000 வரை முட்கள் உள்ளன. இவை கெட்டிப்பட்ட மயிர்களே. பகைவரைக் கண்டால் முள்ளெலி ஓடுவதில்லை. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். நம் பாட்டிமார் இடுப்பிற் செருகிய சுருக்குப்பையின் வாய், கயிற்றை இழுத்ததும் மூடிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அதுபோன்று முள்ளெலியின் உடலைச் சுற்றியுள்ள ஒரு வலிய தசை இறுகி, முட்கள் மட்டும் வெளியே தெரியும்படி உடலை மூடிவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் ஒருவகை முள்ளெலி உண்டு. அதன் முள் குழந்தைகளின் இருமலுக்கு மருந்தாகும் என்னும் நம்பிக்கையால் அது பிடிக்கப்படுவதும் உண்டு. மலேசியக் காடுகளில் முள்ளெலி இல்லை. ஆயினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த உறவு விலங்கு ஒன்று இங்கு வாழ்கிறது. மலாய் மொழியில் ‘திக்குஸ் பூலான்’, அதாவது நிலா எலி, என்பது அதன் பெயர். முள்ளின்றி மயிர் போர்த்திய உடலும், மூக்கைத் துளைக்கும் நாற்றமும் உடைய அதனை இரவு நேரத்தில் கண்டவர்கள் நம் பெரியோருள் இருத்தல் கூடும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் சிறு முள்ளெலி ஆப்பிரிக்க வழிவந்தது. நாம் இங்குப் பேசும் காட்டு முள்ளெலி அதனின் வேறானது.

குளிர்கால உறக்கம்

நமக்கு ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே உண்டு. கேமரன் மலைக்குச் சென்றவர்கள் இரவில் போர்வை தேடியிருப்பார்கள். ஆனால் இங்கிலாந்தின் குளிர்கால இரவுகளில் நீர் உறைந்து பனிக்கட்டியாகும். அப்போது வண்டும் புழுவும் மறைந்துவிடுகின்றன. இரை கிடைக்காத அந்த மாதங்களை முள்ளெலி உறங்கியே கழிக்கிறது. பெரும்பாலும் நவம்பர் மாத அளவில் தொடங்கி மார்ச்சு மாதம் வரை இவ்வுறக்கம் நீடிக்கும்.

இது நாம் இரவில் உறங்கும் உறக்கம் போன்றதன்று. விழித்திருக்கும்போது ஏறத்தாழ 35 பாகை செல்சியசாக இருக்கும் முள்ளெலியின் உடல் வெப்பம், 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 190 முறை துடித்த இதயம், 20 முறை அளவிலேயே துடிக்கிறது. மூச்சும் மிக மெல்ல வந்து போகிறது. அடுப்பை முற்றிலும் அணைத்துவிடாமல் சாம்பலுக்குள் ஒரு கங்கினைக் காத்து வைப்பதைப் போல, முள்ளெலி தன் உயிரைக் காத்து வைக்கிறது.

அக்கங்கிற்கு விறகாவது யாது? உடலில் சேர்த்து வைத்த கொழுப்பே அதுவாகும். வெண்ணிறக் கொழுப்பு நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலவாகிறது. பழுப்பு நிறக் கொழுப்பு என்னும் மற்றொரு வகை, உறக்கத்தினின்று விழிக்கும்போது உடலை விரைந்து சூடேற்ற உதவுகிறது. குளிர்காலத்தின் இடையில் முள்ளெலி பலமுறை விழித்துக்கொள்வதுண்டு. ஒவ்வொரு விழிப்பும் அதன் சேமிப்பைக் குறைக்கும்.

எடையே உயிர்

குளிர்காலம் முடிவதற்குள் முள்ளெலி தன் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடுகிறது. 600 கிராம் எடையுடன் உறங்கச் சென்ற முள்ளெலி 400 கிராம் எடையுடன் எழுந்தாலும் இரை தேடிப் பிழைத்துக்கொள்ளும். 300 கிராம் எடையுள்ள ஒன்று உறங்கச் சென்றால் என்னாகும்? செலவழிக்க அதனிடம் கொழுப்பே இராது. இளவேனில் வருமுன் கங்கு அணைந்துவிடும்.

குளிர்கால உறக்கத்தைத் தாங்க ஏறத்தாழ 450 கிராம் எடையாவது வேண்டும் என்று அறிஞர் கூறுவர். சில காப்பகங்கள் 600 கிராம் வரை வளர்த்த பின்னரே முள்ளெலியை வெளியே விடுகின்றன.

எடை குறைவதற்குக் காரணங்கள் பல. முள்ளெலிக் குட்டிகள் பெரும்பாலும் கோடைக்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்களில் பிறக்கின்றன. செப்டம்பர் அளவில் பிறக்கும் குட்டிகளும் உண்டு. பிந்திப் பிறந்த இவை தாயை விட்டுப் பிரியும்போது குளிர் நெருங்கிவிடுகிறது. உண்டு கொழுக்கக் காலம் போதுவதில்லை. வேறு சில, நத்தை முதலியவற்றை உண்பதால் நுரையீரலிலும் குடலிலும் புழுக்கள் பெருகி நோயுற்று மெலிகின்றன. காயம்பட்டமையால் இரை தேட இயலாதனவும் உள.

ஆதலின் எடையை மட்டும் பார்த்தல் போதாது. மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் 300 கிராம் எடையுடன் இரவில் சுறுசுறுப்பாக இரை தேடும் இளங்குட்டி நலமுடையதே. அதனைத் தூக்கிவருதல் தவறு. அதே எடையுடன் நவம்பர் இறுதியில் அலையும் முள்ளெலிக்கோ உதவி வேண்டும்.

மெலிந்ததை அறிவது எவ்வாறு?

முள்ளெலி இரவில் திரியும் விலங்கு. பட்டப்பகலில் வெட்டவெளியில் அது படுத்திருந்தால், வெயில் காய்கிறது என்று எண்ணி நாம் கடந்துவிடலாகாது. உடல் வெப்பம் குறைந்து தளர்ந்திருப்பதன் அறிகுறி அது. நடக்கையில் தள்ளாடுவதும் ஆபத்தான அறிகுறியே. நலமுள்ள முள்ளெலி சுருண்டால் உருண்டையாகத் தோன்றும். மெலிந்தது சுருண்டாலும் நீண்டே தோன்றும். தலைக்குப் பின்புறம் கழுத்தில் பள்ளம் விழுந்திருக்கும். மிகவும் தளர்ந்த முள்ளெலியால் சுருண்டுகொள்ளவே இயலாது.

கூட்டுக்குள் சருகுகளின் நடுவே ஆழ்ந்து உறங்கும் முள்ளெலியை எவரும் எழுப்பலாகாது. தவறிக் கூடு கலைந்துவிட்டால் சருகுகளைக் கொண்டு மீண்டும் மூடிவிடுதலே நன்று.

முதலில் வெப்பம்

மெலிந்த முள்ளெலியைக் கண்டவுடன் நல்லுள்ளம் படைத்தவர் செய்ய விழைவது யாது? ‘ஐயோ, பசியால் வாடுகிறதே’ என்று ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைப்பதே. இங்கேதான் அருளுக்கு அறிவின் துணை வேண்டும். முதலில் தரவேண்டியது உணவன்று, வெப்பமாகும்.

குளிரால் விறைத்த உடலில் இரைப்பையும் குடலும் தம் வேலையைச் செய்வதில்லை. அந்நிலையில் உள்ளே செல்லும் உணவு செரிக்காது. வாயில் வலிந்து ஊற்றும் நீர்மம் மூச்சுக்குழலுக்குள் சென்று உயிருக்கே கேடு விளைக்கக்கூடும். உலை சூடேறுமுன் அரிசியைக் கொட்டிவிட்டுச் சோறு வேகவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை அன்றோ?

ஆகவே செய்யவேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

1. தடித்த கையுறை அணிந்து, அல்லது துவாலையால் மூடி, முள்ளெலியை மெல்ல எடுக்க வேண்டும்.

2. உயரமான பக்கங்களை உடைய அட்டைப்பெட்டியில் செய்தித்தாளை விரித்து அதனுள் விடவேண்டும். முள்ளெலி ஏறுவதில் வல்லதாதலின் தாழ்ந்த பெட்டி உதவாது. காற்றுப் புகத் துளைகளும் வேண்டும்.

3. வெந்நீர்ப் பையில் வெதுவெதுப்பான நீரை நிரப்பித் துவாலையால் சுற்றிப் பெட்டியின் ஒருபுறம் வைக்க வேண்டும். கொதிநீர் ஊற்றலாகாது. மறுபுறம் இடம் விட்டிருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் முள்ளெலி விலகிச் செல்ல வழி வேண்டும் அன்றோ?

4. மற்றொரு துவாலையை அதன்மேல் போர்த்த வேண்டும்.

5. பையில் உள்ள நீர் ஆறிவிடாமல் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆறிய பை, விலங்கின் உடலிலுள்ள வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

6. பெட்டியை வீட்டினுள் இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்துவிட்டு, உடனே விலங்குக் காப்பகத்திற்கோ விலங்கு மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும்.

அதனைத் தூக்கிக் கொஞ்சுவதும், அண்டை வீட்டாருக்குக் காட்டி மகிழ்வதும் கூடா. காட்டு விலங்குக்கு மனிதர் முகம் அச்சம் தருவதே. அதனிடமிருந்து சில தோல் நோய்களும் குடல் நோய்களும் மனிதரைப் பற்றக்கூடும். ஆதலின் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகளை நன்கு கழுவுதல் இன்றியமையாதது.

மேற்கூறிய வெந்நீர்ப் பை ரப்பரால் ஆனது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் விடியற்காலையில் எழுந்து சீவிய மரங்களின் பால், எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஒரு சிற்றுயிருக்கு வெப்பமாய் அமைந்திருத்தலும் கூடும்.

பின்னர் உணவு

உடல் சூடேறி, முள்ளெலி எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னரே உணவு வைக்க வேண்டும். நாய்க்கோ பூனைக்கோ உரிய இறைச்சி உணவும், தாழ்ந்த கிண்ணத்தில் தண்ணீரும் போதுமானவை.

பாலும் ரொட்டியும் முள்ளெலிக்கு உகந்தவை என்னும் எண்ணம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் முள்ளெலிக்கு இல்லை. பாலைக் கண்டால் அது ஆவலுடன் குடிக்கும். ஆயினும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடலின் நீர் வற்றும். ஏற்கெனவே மெலிந்த விலங்கு அதனால் இறந்துபோதலும் உண்டு. ரொட்டி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. விற்பனைக்கு வரும் உலர்ந்த புழுக்களை மிகுதியாகக் கொடுத்தால் எலும்புகள் வலுவிழக்கும்.

விரும்பி உண்பது வேறு. உடலுக்கு உகந்தது வேறு. இவ்வேறுபாடு முள்ளெலிக்கு மட்டுமா உரியது? இனிப்புப் பண்டங்களின்மேல் ஆசை கொண்ட நமக்கும் உரியதே.

நிறுவையும் மருத்துவமும்

காப்பகத்தில் மருத்துவர் முதலில் எச்சத்தை ஆராய்ந்து புழுக்கள் உளவா என்று காண்பார். நோய்க்கு மருந்தளிக்காமல் உணவு மட்டும் அளித்தால் எடை கூடுவது அரிது. மருந்தின் அளவும் எடைக்கு ஏற்பவே கணிக்கப்படும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் முள்ளெலியைச் சமையலறைத் தராசு போன்ற சிறு தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வைப்பர். தாய்சேய் நல நிலையத்தில் தம் குழந்தையின் எடையைத் தாதியர் அட்டையில் குறிப்பதைப் பார்த்து நிற்கும் தாய்மார் இதன் அருமையை நன்கு அறிவர். எண்கள் ஏறினால் நம்பிக்கை பிறக்கும்; இரண்டொரு நாள் இறங்கினால் எங்கோ குறை உளது என்று தேட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கும் செய்து பார்ப்போம். 280 கிராம் எடையுள்ள முள்ளெலி ஒன்று நாள்தோறும் 10 கிராம் ஏறுவதாகக் கொள்வோம். 450 கிராமை எட்ட இன்னும் 170 கிராம் வேண்டும். ஆகவே 17 நாள்கள் ஆகும். 600 கிராமை எட்ட 32 நாள்கள் ஆகும். இத்தனை நாள்களும் அது குளிர்கால உறக்கத்தில் ஆழ்ந்துவிடாதபடி வெதுவெதுப்பான அறையில் வைத்திருத்தல் வேண்டும்.

மீண்டும் தன் இடத்திற்கு

எடை ஏறி நோய் நீங்கியதும் பிரிவு நேரம் வருகிறது. வளர்த்த பாசத்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஆகாது. இரவில் ஒன்று இரண்டு கிலோமீட்டர் தொலைவு நடந்து இரை தேடும் விலங்கு அது. நீர் உறையாத சில இரவுகள் தொடர்ந்து வரும் வேளை பார்த்து, அது கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே மாலைப் பொழுதில் விடுவர். காய்ந்த புல்லும் சருகும் நிரப்பிய கூட்டுப்பெட்டி ஒன்றையும் அங்கு வைப்பர். குளிர் கடுமையாக இருந்தால் இளவேனில் வரை காத்திருப்பர்.

சில நல்லோர்

முள்ளெலியைக் கதைமாந்தராக்கிய பெருமை பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாருக்கு உண்டு. 1905ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் நூலில், டிக்கிவிங்கிள் என்னும் முள்ளெலி சலவைத் தொழில் செய்து வாழ்கிறாள். அப்பெயரைத் தாங்கிய விலங்கு மருத்துவமனை ஒன்று இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் மாவட்டத்தில் உள்ளது. அதனை நிறுவியவர் லெஸ் ஸ்டாக்கர் என்பவர்.

மற்றொருவர் மேஜர் ஏட்ரியன் கோல்ஸ். கால்நடைகள் சாலையைக் கடந்து வெளியேறாதபடி, குழி தோண்டி அதன்மேல் இரும்புச் சட்டங்கள் பதிப்பது அந்நாட்டு வழக்கம். அத்தகைய குழி ஒன்றில் விழுந்து வெளிவர இயலாமல் தவித்த முள்ளெலியை அவர் கண்டார். சிறு சாய்தளம் ஒன்று அமைத்தால் போதும், அது தானே ஏறி வந்துவிடும் என்று உணர்ந்தார். மற்றக் குழிகளிலும் அவ்வாறு அமைக்கப் பாடுபட்டார். 1982ஆம் ஆண்டு முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். ஒரு பலகைத் துண்டு எத்தனை உயிர்களைக் காத்தது, பார்த்தீர்களா!

2011ஆம் ஆண்டு அச்சங்கமும் மற்றொரு விலங்குநல அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. வீட்டு வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு துளை விடுமாறு மக்களை வேண்டின. தோட்டம் விட்டுத் தோட்டம் செல்ல முள்ளெலிக்கு அது வாயிலாகிறது. அவ்வாறே நவம்பர் 5ஆம் நாள் மக்கள் விறகடுக்கித் தீ மூட்டிக் கொண்டாடும் விழாவில், விறகினுள் முள்ளெலி புகுந்து உறங்குகிறதா என்று பார்த்த பின்னரே தீயிட வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகிறது.

இத்தகைய முயற்சிகள் இன்று மேலும் தேவைப்படுகின்றன. பிரித்தானியாவின் கிராமப்புறங்களில் 2000ஆம் ஆண்டு முதல் முள்ளெலிகளின் எண்ணிக்கை 30 முதல் 75 விழுக்காடு வரை குறைந்துள்ளதாக 2022ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்று கூறுகிறது. வேலிப்புதர்கள் அழிந்தமை, பூச்சிக்கொல்லி மருந்துகள், சாலை விபத்துகள் முதலியன அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு முள்ளெலியின் உயிரும் இன்று விலைமதிப்புடையதாயிற்று.

நாம் பெறும் பாடம்

நம் நாட்டில் முள்ளெலிக்கு உதவும் வாய்ப்பு நமக்கு நேராது. ஆயினும் மழையில் நனைந்து கிடக்கும் பூனைக்குட்டி, கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு, சாலையோரத்தில் அடிபட்ட விலங்கு ஆகியவை நம் கண்முன் வரக்கூடும். அப்போது முதலில் நின்று நோக்குவோம். உதவி தேவையா என்று ஆராய்வோம். தேவையெனின் குளிர் நீக்கி, அமைதியான இடம் தருவோம். கையில் கிடைத்ததையெல்லாம் ஊட்டாமல், அறிந்தவரைக் கேட்போம். காட்டு விலங்காயின் பெரியோர் வழியாகப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிப்போம்.

உயிர்களிடத்து இரக்கம் கொள்ள நமக்கு முன்னோர் கற்பித்தனர். அவ்வுயிர்களின் இயல்பை அறிந்துகொள்ளப் பள்ளி கற்பிக்கிறது. இரண்டையும் இணைத்துக்கொண்ட மாணவன், தன் கையில் வந்து சேரும் எவ்வுயிரையும் வாழவைப்பான்.

சிந்தனை வினாக்கள்

1. முள்ளெலிக்கும் முள்ளம்பன்றிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. குளிரால் விறைத்த விலங்குக்கு உடனே உணவு தருதல் ஏன் ஆகாது?
3. வெந்நீர்ப் பை ஆறிவிட்டால் விளையும் தீங்கு யாது?
4. 320 கிராம் எடையுள்ள முள்ளெலி நாள்தோறும் 10 கிராம் ஏறினால், 450 கிராமை எட்ட எத்தனை நாள்கள் ஆகும்?
5. மேஜர் கோல்ஸ் செய்ததைப் போன்று, சிறு பொருளைக் கொண்டு உயிர்களுக்கு உதவும் வழி ஒன்றை உங்கள் வீட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்த்துக் கூறுக.